ஏழரைக்குள் ஒரு கப்பல்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நம்ம வீட்டு மாப்பிள்ளையை அடையாளம் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். முகூர்த்த நாள் என்றால் ஒரே பிராகாரத்தில் முப்பது மாப்பிள்ளை, முப்பது பெண். எல்லா மாப்பிள்ளைக்கும் வழுக்கை. எல்லார் கழுத்திலும் மாலை. எல்லாப் பெண்களும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்: "ஏங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

தப்பான ஜோடியின் காலில் விழுந்து ஆசீர்வாதமும் நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு வந்த பையன்கள் உண்டு. நான்கூட ஒரு தடவை... சரி, அது இப்போது எதற்கு?

போன மாதம் எங்கள் சின்ன மாமாவுக்கு அங்கே சஷ்டியப்த பூர்த்தி. மாமாவைத் தேட வேண்டிய சிரமம் இந்த முறை இல்லை. ஹோமம் வளர்க்கக் குருக்கள் கற்பூரத்தை ஏற்றப் போகும் சமயத்தில், "சாமி, ஒரு நிமிஷம்!" என்று ஒரு குரல். முப்பது மாப்பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா எழுந்து நின்று ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஆகாயத்தில் தூக்கிப் பிடித்தார். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். "காத்து மேற்கேருந்துதான் வருது. நெய் டின்னை மட்டும் அந்தப் பக்கம் நகர்த்திடுங்க. இப்ப ஏத்துங்க சாமி" என்றார்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருஷமா இதே கூத்து. எங்க வீட்ல அடுப்புப் பத்த வைக்கணும்னாலும் இவர்ட்ட பர்மிஷன் வாங்கணும்."

மாமா கப்பலில் வேலை பார்த்தவர். 'கப்பல்காரர்' என்றதும் வெள்ளை யூனிபாரம், தோளில் தங்கக் கோடு, ஃபாரின் சென்ட் என்று கற்பனை செய்ய வேண்டாம். எண்ணெய்க் கப்பலில் பம்ப்மேன். பெட்ரோல், நாப்தா, டீசல் இவற்றை ஒரு துறைமுகத்தில் ஏற்றி இன்னொன்றில் இறக்குகிற கப்பல். அதில் எந்த வால்வைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும், எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கிற ஆள். குடும்பத்தில் அவருக்கு வைத்த பெயர் 'கிரசின் மாமா'. ராணுவத்தில் இருந்த பெரிய மாமாவைப் பற்றித்தான் விருந்தில் எல்லாரும் பேசுவார்கள். கிரசின் மாமாவிடம், "உங்க கப்பல்ல டிவி உண்டா?" என்று கேட்பதோடு சரி.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது நானும் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "இந்தப் பக்கமெல்லாம் கப்பல்ல வந்திருக்கீங்களா மாமா?" என்றேன்.

மாமா கிழக்கே கையைக் காட்டினார். "இதோ, இங்கதான்டா நின்னேன்."

திருக்கடையூரில் கப்பலா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். அரசாங்கத்தின் சிறு துறைமுகப் பட்டியலில் திருக்கடையூர் என்ற பெயரே இருக்கிறது, தெரியுமா? பக்கத்துப் பிள்ளைபெருமாள்நல்லூரில் 330 மெகாவாட் மின்நிலையம் 2001-ல் ஓட ஆரம்பித்தது. அதற்கு எரிபொருள் நாப்தாவும் இயற்கை எரிவாயுவும். நாப்தா என்பது பெட்ரோலுக்குக் கூடப்பிறந்த அண்ணன். குணமும் அதே குணம்தான். அதை இறக்குவதற்காக ஏற்பட்டதுதான் இந்தத் துறைமுகம். கட்டடம், கிரேன், கலங்கரை விளக்கம் எதுவும் கிடையாது. கப்பலைக் கடலிலேயே கட்டி நிறுத்திக் குழாய் வழியாகச் சரக்கைக் கரைக்குத் தள்ளுகிற ஏற்பாடு.

"அந்த ட்ரிப்புலதான் உங்க தாத்தாவுக்கு எண்பது. இதே கோயில்ல சதாபிஷேகம்" என்றார் மாமா. "கரையில எல்லாரும் இருக்கீங்க. நான் அங்க நிக்கிறேன். நீந்துனா வந்துடலாம்போல தூரம். ஆனா ஹோஸ் மாட்டியிருக்கு, பம்ப் ஓடுது. பம்ப்மேன் எப்பிடி இறங்குறது? ராத்திரி ஒரு விளக்கு தெரிஞ்சுது. கோபுர விளக்கா, பவர் ஹவுஸ் விளக்கான்னு தெரியல. எதுவா இருந்தா என்னன்னு கும்பிட்டுக்கிட்டேன்."

எனக்கு வாயிலிருந்த வெற்றிலை இறங்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் பேசியது ஞாபகம் இருக்கிறது: 'பெத்த அப்பன் சதாபிஷேகத்துக்கு வராத பிள்ளை.'

கிரசின் மாமாவைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இத்தனை வருஷம் இருந்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியில், ஆபீசில் இரண்டு நாள் ஃபைல் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, பெட்ரோல் கப்பல்களைப் பற்றிப் படித்துத் தள்ளினேன். (மேலதிகாரி இதைப் படித்தால்: சார், அது லஞ்ச் டயம்தான்.)

முதலில் மாமாவின் விரல், மூக்கு விவகாரம்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து கிளம்புகிற ஆவிதான் எரிகிறது. அந்த ஆவியும் இஷ்டத்துக்கு எரியாது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் கீழே இருந்தால் பற்றாது, போதாது. சுமார் ஏழரைப் பங்குக்கு மேலே போனாலும் பற்றாது, ரொம்ப அதிகம். இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் தீர்ந்தது கதை. ஒரு சின்னப் பொறி போதும்.

நம் ஆட்கள் 'ஏழரை' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

இதிலிருந்து வருவதுதான் விசித்திரம். கழுத்துவரை பெட்ரோல் நிரம்பிய டாங்க் ஒப்பீட்டில் சாது. உள்ளே காற்றுக்கு இடமில்லை. சரக்கை எல்லாம் இறக்கிவிட்டு, 'அப்பாடா, வேலை முடிந்தது' என்று பெருமூச்சு விடுகிறோமே, அந்தக் காலி டாங்க்தான் எமன். அடியில் நாலு வாளி மிச்சம் இருக்கும். அதிலிருந்து ஆவி கிளம்பும். மேலே காற்று புகுந்திருக்கும். இரண்டும் கலந்து ஏழரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்த் தொலையாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து, எங்கேயோ பீடி பற்றவைக்கிறவனைத் தேடிப் போகும். அதனால்தான் மாமா காற்றடிக்கும் திசை பார்க்கிறார், மூக்கை உறிஞ்சுகிறார். பழக்கம் இல்லை, அது உயிர்.

இப்படிப்பட்ட சரக்கை அமைதிக் காலத்தில் கொண்டுபோவதே வித்தை. யுத்தத்தில், தலைக்கு மேல் விமானம் குண்டு போடும்போது கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். அவர்கள் கதைதான் இந்த வாரம்.

டெல்டாக்காரர்களுக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாயிற்று என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும். மந்திரி பூத்தூவும் போட்டோ வரும். அந்தத் தண்ணீர் ஆற்றில் வந்து, பிரிவாற்றில் திரும்பி, வாய்க்காலில் நுழைந்து, மதகு தாண்டி, கடைசி வயலுக்கு வந்து சேர வேண்டும். அணை நிரம்பி வழிந்தாலும் கடைசி வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்காரனுக்கு நாற்று கருகிப்போகும். திருக்கடையூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

யுத்தத்தில் பெட்ரோல் கதையும் இதேதான்.

1942 அக்டோபர். பசிபிக் கடலில் குவாடல்கனல் தீவு. அங்கே அமெரிக்கர்களிடம் ஒரு விமானத்தளம் இருந்தது. விமானமும் இருந்தது. ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். ஜப்பான்காரனின் போர்க்கப்பல்கள் இரவில் வந்து தளத்தைக் குதறிவிட்டுப் போனதில் பெட்ரோல் தீர்ந்துபோய்விட்டது. உடைந்து கிடந்த குண்டுவீச்சு விமானங்களின் டாங்கிலிருந்து பெட்ரோலை வடித்துச் சின்ன விமானங்களுக்கு ஊற்றினார்கள். மாதக் கடைசியில் நாம் ஸ்கூட்டரைச் சாய்த்து உதைப்போமே, அந்த நிலைமை. 16-ந் தேதி மக்ஃபார்லண்ட் என்ற கப்பல் 40,000 காலன் பெட்ரோலோடு வந்தது. படகில் இறக்கிக்கொண்டிருக்கும்போதே ஜப்பான் விமானங்கள் வந்துவிட்டன. கப்பல் பலமாக அடிபட்டது.

உலகத்திலேயே பெரிய எண்ணெய் உற்பத்தி நாடு அமெரிக்கா. அணையில் தண்ணீர் தளும்புகிறது. கடைமடையில் நாற்று கருகுகிறது!

பெரிய எண்ணெய்க் கப்பல்கள் பெரிய துறைமுகம்வரைதான் வரும். ஆழம் இல்லாத தீவுக்கும், பவளப்பாறைக்கு நடுவே இருக்கிற குட்டி விமானத்தளத்துக்கும் பெட்ரோல் கொண்டுபோக வாய்க்கால் மாதிரி ஒரு கப்பல் தேவை. அப்படி வந்ததுதான் கடலோரப் பெட்ரோல் கப்பல். முதலாவதான பெட்டாப்ஸ்கோ 1943-ல் வேலைக்கு வந்து தென் பசிபிக் போனது. அதே அச்சில் வார்த்த தம்பிகள் வரிசையாக வந்தார்கள். நீளம் 310 அடி. சரக்கு சுமார் 2,000 டன். வேகம் மணிக்கு 14 கடல் மைல். தற்காப்புக்கு நாலு 3 அங்குல பீரங்கி. உள்ளே பெட்ரோலை வைத்துக்கொண்டு மேலே பீரங்கி சுடுவது என்பது வைக்கோல் போர்மேல் உட்கார்ந்து வாணம் விடுவது மாதிரி. வேறு வழி?

எனக்குப் பிடித்த விஷயம் பெயர்கள். போர்க்கப்பலுக்கு ராஜா பெயர், மாகாணத்தின் பெயர், வீரன் பெயர் எல்லாம் வைத்தார்கள். இந்தப் பெட்ரோல் கப்பல்களுக்கு வைத்தது ஆறுகளின் பெயர். பெட்டாப்ஸ்கோ ஓர் ஆறு. ரியோ கிராண்டே, வபாஷ், சஸ்குவெஹானா, ஜெனசி எல்லாம் ஆறுகள். நம்ம ஊரில் கட்டியிருந்தால் காவேரி, வெண்ணாறு, வீரசோழன், மஞ்சளாறு என்று வைத்திருக்கலாம். கடைமடைக்குப் போகிறவனுக்கு ஆற்றின் பெயரைத் தவிர வேறென்ன பொருந்தும்?

இன்னொரு தமாஷ். இந்தக் கப்பல்களில் 18-ஐக் கட்டியது யார் தெரியுமா? ஒரு தானிய மண்டிக்காரர்!

கார்கில் என்று கம்பெனி. 1865-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ஒரு தானியக் கிடங்கோடு ஆரம்பித்தது. கோதுமை, சோளம் வாங்கி விற்பது தொழில். யுத்தம் வந்தது. கப்பல் கட்ட ஆள் போதவில்லை. தானியம் ஏற்றப் படகு கட்டிய அனுபவம் இவர்களுக்கு உண்டு. 'கப்பல் கட்டுவீர்களா?' என்று கேட்டார்கள். 'கட்டுவோம்' என்றார்கள். கும்பகோணத்து நெல் மண்டிக்காரரிடம் போய், 'கடற்படைக்கு ஒரு கப்பல் வேணும்' என்று கேட்டு, அவர் 'எத்தனை உருப்படி?' என்று திருப்பிக் கேட்ட மாதிரி.

இடமாவது கடற்கரையா? அதுவும் இல்லை. மினசோட்டா மாகாணத்தில் சாவேஜ் என்ற ஊர். அங்கிருந்து கடல் ஆயிரம் மைலுக்கும் மேலே. ஊர் ஓரமாக ஓடுகிற மினசோட்டா ஆற்றில் கப்பல் போகிற ஆழம் கிடையாது. 9 அடி ஆழத்துக்குத் தூர் வாரினார்கள். வயலில் வேலை பார்த்தவர்கள், கடலையே பார்க்காதவர்கள், வெல்டிங் கற்றுக்கொண்டு கப்பல் கட்டினார்கள். 1943 மே மாதம் முதல் கப்பல் அகவாம் ஆற்றில் இறங்கியது. கட்டிய கப்பல்கள் மினசோட்டா ஆற்றிலிருந்து மிசிசிப்பிக்கு வந்து, அதன் வழியே கீழே கீழே இறங்கி நியூ ஆர்லியன்ஸ் பக்கம் கடலைத் தொட்டன. வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்டால் அது கடலுக்கே போய்ச் சேரும் என்று சின்ன வயசில் நம்பினோமே, அது அங்கே பலித்துவிட்டது.

'எல்லாம் சரி, அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்கு?' என்கிறீர்களா? வாருங்கள், நம் கடலுக்கு.

அதே 1942. மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் நடுவில் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளைப் பிரிட்டிஷ்காரர்களே நாசம் செய்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மா எண்ணெயை நம்பியிருந்த நமக்கு அடுப்பில் கைவைத்த மாதிரி. பெட்ரோலுக்கு ரேஷன். அப்போது நம் சாலைகளில் ஓடியதுதான் கரி பஸ். முதுகில் ஒரு கரி உலை. அதை ஊதி, அதில் வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். தாத்தா சொல்வார்: "மேடு வந்தா கண்டக்டர் டிக்கெட் கேக்க மாட்டார்டா, கை கேப்பார். எல்லாரும் இறங்கித் தள்ளணும்." காசு கொடுத்துத் தள்ளியவர்கள்!

அந்த ஏப்ரல் 9-ந் தேதி. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கைக்குக் கிழக்கே நின்றன. காலையில் திருகோணமலையை அடித்தார்கள். அப்புறம் மட்டக்களப்புக்கு எதிரே ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அதன் மேல் அப்போது ஒரு விமானம்கூட இல்லை. 300 பேருக்கு மேல் செத்தார்கள். வாம்பயர் என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலும் போனது. ஹெர்மஸ் கதை சரித்திரப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

அதே நாளில், அதே கடலில் போன இன்னும் இரண்டு கப்பல்களைப் பற்றி ஒரு வரி, இரண்டு வரிதான் கிடைக்கும். இரண்டும் எண்ணெய்க் கப்பல்கள். ஒன்று அதெல்ஸ்டன், 1918-ல் கட்டியது. இன்னொன்று பிரிட்டிஷ் சார்ஜெண்ட், 1922-ல் கட்டியது, 5,868 டன். இவை அமெரிக்கக் குட்டிகளைவிடப் பெரியவை, வயதில் மூத்தவை. ஆனால் ஜாதி ஒன்றுதான். அதெல்ஸ்டனுக்குத் துணையாக ஹாலிஹாக் என்று ஒரு சின்னப் போர்க்கப்பல் கூடவே போனது. அதையும் அடித்துவிட்டார்கள். இலங்கையில் எண்ணெய் இல்லாவிட்டால் பிரிட்டிஷ் கப்பற்படை வெறும் இரும்புதானே? அதனால் எண்ணெய்க் கப்பலைக் கண்டால் விடுவதில்லை.

பிரிட்டிஷ் சார்ஜெண்ட் இன்றும் பாசிக்குடா பக்கம் கடலடியில் கிடக்கிறது. முதுகில் சிலிண்டர் கட்டிய டூரிஸ்டுகள் முங்கிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மீன்கள் குடும்பம் நடத்துகின்றனவாம். நாகப்பட்டினத்திலிருந்து தென்கிழக்கே கோடு போட்டால் அந்தப் பக்கம்தான் போகும். மாமாவிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "லோடோட போச்சா, காலியா போச்சா?"

பம்ப்மேன் கேள்வி! புத்தகம் எழுதினவர்கள் யாருக்கும் இது தோன்றியதில்லை.

சண்டை முடிந்ததும் வீரர்களுக்குப் பென்ஷன். கப்பல்களுக்கு அது கிடையாது. கார்கில் கட்டிய நமகாகன் என்ற கப்பலின் சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பாருங்கள். 1944 நவம்பரில் ஆற்றில் இறங்கி, 1945 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தது. இரண்டே மாதத்தில் யுத்தம் முடிந்துவிட்டது. 1957-ல் அமெரிக்கக் கடற்படை ஓய்வு கொடுத்தது. 1962-ல் நியூசிலாந்து கூப்பிட்டது. பெயரை எண்டவர் என்று மாற்றி, தென் துருவத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எண்ணெயும் சாமானும் கொண்டுபோகச் சொன்னார்கள். பசிபிக் வெயிலுக்குப் பிறந்தது, பனிக்கட்டிக்கு நடுவே ஒன்பது வருஷம் சரக்கு இறக்கியது. 1971-ல் அங்கிருந்தும் ரிலீவ் ஆனது. 'அப்பாடா' என்று உட்கார விட்டார்களா? தைவான் கடற்படைக்கு டிரான்ஸ்பர். பெயர் லுங் சுவான்.

மூன்று நாடு, மூன்று பெயர், ஒரே வேலை. டிரான்ஸ்பர் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் வாசகர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. ஷீப்ஸ்காட் என்ற கப்பல் 1945 ஜூன் 6-ல் ஐவோ ஜிமா தீவில் புயலில் கரை தட்டிக் கவிழ்ந்தது. செஹாலிஸ் கதை இன்னும் கொடுமை. அதுவும் கார்கில் கட்டியதுதான். யுத்தத்தில் பிழைத்துவிட்டது. 1949 அக்டோபர் 7. யுத்தம் முடிந்து நாலு வருஷம். சமோவா தீவில் பாகோ பாகோ துறைமுகம். குண்டும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. ஒரு பெட்ரோல் டாங்க் வெடித்தது. 6 பேர் செத்தார்கள். கப்பல் எரிந்து துறைமுகத்திலேயே மூழ்கியது.

சண்டையில் பிழைத்தவனை அமைதி கொன்றது. ஆவிக்கு யுத்தம், சமாதானம் எல்லாம் தெரியாது. ஏழரைக்குள் வந்தோமா, பொறி கிடைத்ததா, அவ்வளவுதான்.

அத்தோடு முடியவில்லை. மிச்ச எரிபொருள் அந்தக் கப்பலின் வயிற்றிலேயே கடலடியில் இருந்தது. துறைமுகத்தில் மேலே மீன் பிடிக்கிறார்கள், குழந்தைகள் குளிக்கிறார்கள். கீழே அது காத்திருக்கிறது. கடைசியில் 2010-ல் அமெரிக்கக் கடற்படை முங்காளிகளை அனுப்பி, டாங்கைத் துளைத்து, உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தது. 1949-லிருந்து 2010. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமா உடனே போட்டார். "அறுபது முடிஞ்சு அதுக்கும் சாந்தி பண்ணியிருக்கான்டா!"

இந்தச் சம்பாஷணை எல்லாம் போனில். மறுபடி மாமாவைப் பார்த்தால் இன்னும் நிறையக் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கல்யாண நாளில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது.

சாயங்காலம் எல்லாரும் வேனில் மாயவரம் திரும்பினோம். வழியில் பெட்ரோல் பங்க். டிரைவர் வண்டியை நுழைத்தார். பங்க் பையன் கையைக் காட்டி நிறுத்தினான். "லோடு இறக்கிக்கிட்டிருக்கு சார், கால் மணி நேரம் ஆகும்."

டாங்கர் லாரி ஒன்று நின்றிருந்தது. தடித்த குழாய் ஒன்று தரைக்குள் போயிருந்தது. அழுக்குச் சட்டையோடு டிரைவர் பக்கத்தில் நின்று வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார். இதே பங்க்கில் நான் நூறு தடவை பெட்ரோல் போட்டிருக்கிறேன். நூறு தடவையும் மீட்டரைத்தான் பார்த்திருக்கிறேன். இது இங்கே எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. மேட்டூர் தெரியும், வாய்க்கால் வெட்டினவன் தெரியாது.

வேனுக்குள், "லேட்டாகுது, வேற பங்க்குக்குப் போலாமே" என்று ஒரு குரல். கடிகாரம் பார்ப்பது ஒன்றுதான் நமக்குத் தெரிந்த வேலை. மாமா பட்டு வேட்டியோடு, கழுத்து மாலையோடு, கீழே இறங்கினார். செல்போனை அத்தையிடம் கொடுத்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். கல்யாணப் பையிலிருந்து இரண்டு லட்டு எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"தம்பி, இந்தாங்க. இன்னிக்கு எனக்கு அறுபது."

டிரைவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஆனால் கண் வால்வை விட்டு நகரவில்லை. மாமா முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"எந்த ஊரு சார்?"

"இங்கதான். திருக்கடையூர்ப் பக்கம்."

"நாங்கூட எங்க வீட்ல ஒரு விசேஷம்னு லீவு கேட்டேன் சார். லோடு இருக்கு, போயிட்டு வந்துருன்னாங்க. அங்க முகூர்த்தம் முடிஞ்சிருக்கும்" என்று டிரைவர் சிரித்தார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப வேனுக்குப் போனார். மிச்சம் இருந்த லட்டுப் பெட்டியை அப்படியே எடுத்து வந்து, லாரியின் சீட்டில் வைத்தார்.

"சார் என்ன வேலை பார்த்தீங்க?" என்றார் டிரைவர்.

"நானும் லாரிதான் தம்பி" என்றார் மாமா. "கொஞ்சம் பெரிய லாரி."